கையைக் காட்டினால்தான் வாய் திறப்பார்

பெற்றோலுக்குச் சனம் பிளாஸ்டிக் கானோடு வரிசையில் படுத்துக் கிடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? டீசல் இல்லாமல் குறிகாட்டுவான் துறையில் வள்ளங்களும் கட்டிக் கிடந்தன.

அந்த வருஷம்தான் கணபதிப்பிள்ளை அண்ணை எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தார். பக்கத்துக் கட்டில் நான்.

கதை இன்று மத்தியானத்தது!

(எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. பிழை இருந்தால் போனை ஏசுங்கள்.)

அண்ணைக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீர் குடித்தாலே புரைக்கேறும். அதனால் எல்லாவற்றையும் அரைத்து, களி போலத் தடிப்பாக்கி, தேக்கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி இருத்தி, நாடியைத் தாழ்த்தி, ஒரு வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

முன்பு ஊட்டிய பிள்ளை எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஆறுதலாக ஊட்டுவாள். அவள் கலியாணம் கட்டி மண்டைதீவுக்குப் போய்விட்டாள். பிறகு ஆள் இல்லை. தாதிப் பிள்ளை ஒருத்திதான் எல்லாருக்கும். மிஸ்ஸி என்று கூப்பிடுவோம்.

கை நடுங்காத கிழவன் என்று பார்த்து மிஸ்ஸி என்னைப் பழக்கிவிட்டாள். நேரம் எடுக்கும் என்பதால் அண்ணைக்கு முதல் சாப்பாடு என்றும் ஆக்கினாள்.

அன்று தொடக்கம் வாய் திறக்கிறார் இல்லை!

கரண்டியைக் கொண்டுபோனால் ஒரே கேள்வி.

"நீர் சாப்பிட்டாச்சோ?"

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ அண்ணை. நான் பிறகு."

அவ்வளவுதான். வாய் பூட்டு.

ஒருநாள் பொய்யும் சொல்லிப் பார்த்தேன். "ஓம், சாப்பிட்டிட்டன்." என் கையைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

இன்று காலை மிஸ்ஸி சொன்னாள்: "ஐயா, ஆள் நல்லா மெலிஞ்சு போனார். இண்டைக்கும் சாப்பிடாட்டி நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்காலை குழாய் போடத்தான் வேணும்."

முன்பு ஒருமுறை போட்டபோது பிடுங்கி எறிந்தவர். பிறகு கையைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். அதை இன்னொருமுறை பார்க்க எனக்கு ஏலாது.

மத்தியானம் கரண்டியோடு போனேன்.

"நீர் சாப்பிட்டாச்சோ?"

கோபம் வந்துவிட்டது! "இல்லை! எனக்கும் பசிதான். நான் போய்ச் சாப்பிடப் போறன். நீங்கள் பட்டினி கிடங்கோ!"

போய்ச் சாப்பிட்டேன். கை கழுவக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. (தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டி இன்றும் வரவில்லை. தீவுப்பகுதிக்கு இது புதிதா என்ன!)

சோறும் சொதியும் ஒட்டிய கையோடு திரும்பி வந்தேன்.

அண்ணை என் கையை இழுத்தார். விரல்களைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நயினாதீவுத் திருவிழாவில் மடத்துப் பந்தி பரிமாறியவர் இவர். நாங்கள் வள்ளக்காரர். சனத்தை எல்லாம் ஏற்றி இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் மடத்துக்குப் போவோம். அதுவரை அவர் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார்.

"சாப்பிட்டாச்சோ?" என்பார். நேரம் கெட்ட நேரத்தில் வந்த வெட்கத்தில் "ஓம்" என்போம். நம்பமாட்டார்! கையைப் பிடித்துப் பார்ப்பார். சோற்று ஈரம் இல்லாத காய்ந்த கை என்றால் இழுத்துக்கொண்டுபோய் இருத்திவிடுவார். எங்களுக்குப் பிறகுதான் அவருக்கு இலை.

"மிஸ்ஸி! ஓடி வா பிள்ளை!"

"ஐயோ, என்னய்யா இது, எச்சில் கையோடை!"

"கையை விடு. நீ ஊட்டு. நான் காட்டிக்கொண்டு இருக்கிறன்."

அவள் ஊட்டினாள். நான் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரன் மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். தோள் விட்டுப்போயிற்று. (இப்போதும் நோகிறது.)

பாதிக் கோப்பையில் அண்ணைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நாகலிங்கம் சாப்பிட்டானோ?"

"விழுங்கிப்போட்டுக் கதையுங்கோ ஐயா," என்றாள் மிஸ்ஸி.

எங்களோடு வள்ளம் ஓட்டிய நாகலிங்கம் செத்து எவ்வளவு காலம்!

"ஓம் அண்ணை. சாப்பிட்டிட்டான்," என்றேன்.

ஒரு வாய்.

"அந்தோனி?"

அந்தோனி கரம்பொன் சேமக்காலையில் புதைந்து கிடக்கிறான்.

"அவனும்தான். வயிறு முட்ட."

ஒரு வாய். தொண்டை ஏறி இறங்கியது.

"தம்பிராசா? அவன் பொய் சொல்லுவான். கையைப் பாத்தனீரோ?"

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"பாத்தனான் அண்ணை. சோத்துக் கைதான்."

கோப்பை முடிந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி இல்லை. நாளையிண்டைக்கு என்னவோ தெரியாது. இனி நான் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு என்று மிஸ்ஸி சொல்லிவிட்டாள்.

களைப்பாக இருக்கிறது. பவுசர் இன்னும் வரவில்லை. கையில் சோறு காய்ந்துபோய்விட்டது.

அந்த வள்ளத்து ஆட்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருவன்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற நான்.

தம்பிராசா.