பில்லில் ஏறாத பொம்மைகள்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று விருத்தாசலத்தில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. கணக்கு மென்பொருளில் பில் போட ஒரு கருவி, சரக்கு இருப்பைத் திருத்த ஒரு கருவி என்று நிறைய உண்டு. முன்பு அவற்றை மனிதர்கள் இயக்கினார்கள். அவர்களுக்காகக் குறிப்புகள் எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இப்போது ஏஐ ஏஜென்ட்டுகள் இயக்குகின்றன. எந்தக் கருவியை எப்போது எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவற்றுக்கு எழுதித் தருகிறேன். ஒரு வரி விடாமல் படிக்கின்றன, எனக்கு அதில் அப்படியொரு திருப்தி. நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைக்கூட என் கணவர் பாதியோடு விட்டுவிடுவார்.

உள்ளூரில் ஒரு தொழிற்கூடத்தில் சோதித்துப் பார்க்கும்படி சென்னையிலிருக்கும் என் கம்பெனி சொன்னது. செராமிக் பேட்டையில் பொம்மை யூனிட் நடத்தும் என் அண்ணியைப் பிடித்தேன்.

"நீ எழுதுனதுன்னா தப்பா இருக்காது" என்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஏஜென்ட் பில் போட்ட முதல் லோடு மங்கலம்பேட்டையில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் பாய்க்குப் போனது. யூனிட்டில் செய்வதில் பாதிக்கு மேல் அவர் கடைக்குத்தான் போகும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது.

"என்னம்மா, யூனிட்ட வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

அண்ணி பில்லை எடுத்துப் பார்த்தார். வழியில் சிலது உடையும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கோலுக்குள் நாலைந்து பொம்மைகளைக் கூடுதலாக வைத்து அனுப்புவது அண்ணியின் வழக்கம். அவை பில்லில் ஏறுவதில்லை, யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதுமில்லை. நானோ, பெட்டியில் இருப்பதும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் பில்லைத் திருத்து என்று எழுதியிருந்தேன். ஏஜென்ட் சொன்னபடி கேட்டு, பேக்கிங்கில் எண்ணிப் பதிந்த எல்லாப் பொம்மைக்கும் விலை போட்டுவிட்டது.

"அந்த மனுஷன் போயிட்டா நான் யாருக்கு சரக்கு போடறது?" என்றார் அண்ணி.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"இதையெல்லாமா ஒருத்தர் சொல்லுவாங்க?"

வீம்பாக அங்கேயே உட்கார்ந்து குறிப்பை மாற்றினேன். கூடுதல் பொம்மைகளைத் தனி வரியாகக் காட்டி, விலை இல்லாமல் 'இலவசம்' என்று போடச் செய்தேன். புதிய பில் அழகாக வந்தது. பாய்க்கு அனுப்புவதற்கு முன் பெருமையோடு அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்கு காசு வாங்குனதே தேவலாம்."

"ஏன் அண்ணி?"

"குடுத்துட்டு சொல்லிக்காட்டற மாதிரி இருக்குது. எத்தன ஒடஞ்சுதுன்னு அவரு என்னிக்காவது நம்மகிட்ட சொல்லியிருக்காரா?"

மறுபடியும் எழுதினேன். கூடுதலாக இருப்பவை உடைவுக்காக வைத்தவையா என்று உரிமையாளரிடம் கேள். ஆம் என்றால் நம் இருப்பில் மட்டும் கழித்துக்கொள். வாங்குபவர் பார்க்கும் எதிலும் அதைப் பற்றிப் பேசாதே. காரணத்தையும் எழுதினால்தான் ஏஜென்ட்டுகள் புதிய இடங்களிலும் தடுமாறாமல் நடந்துகொள்ளும். வெகுநேரம் யோசித்து, 'சொன்னால் வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும்' என்று போட்டேன். அந்த வரியைக் கம்பெனியில் வெட்டச் சொல்வார்கள் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர்கள் அப்படியே விட்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாய்க்குச் சரியான பில்லை அனுப்பினோம். அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த அடுத்த லோடும் வழக்கமான கூடுதல் பொம்மைகளோடு போனது. அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. அண்ணி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சூளைக்கும் பேக்கிங் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் நான் யூனிட்டில் இருந்தபோது போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சரக்கு வந்துடுச்சும்மா. இதே மாதிரி இன்னொரு லோடு போட்டுடுங்க" என்றார் பாய். பிறகு அங்கே மழை இல்லையென்றும், துபாயிலிருந்து மகன் லீவில் வருகிறான் என்றும் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி எல்லாவற்றுக்கும் "சரிங்க பாய், சரிங்க பாய்" என்றார்.

போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா" என்றார், "கூட வெச்சதப் பத்தி ஒரு வார்த்த பேசல."