நாய் விழுங்கிய தாயத்து

சமயநல்லூர்ப் பக்கத்தில் அன்னக்கொடியைப் போல அருவருப்புப் பார்க்கிறவள் இன்னொருத்தி கிடையாது. அடுத்த வீட்டுச் செம்பில் தண்ணீர் குடிக்க மாட்டாள். விறகைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் அடுப்பில் வைப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கருத்தக்கண்ணனோ, முயல் வேட்டைக்கென்று ஒரு செவலை நாயை வளர்த்தான்.

அது நாயா, குப்பைக்குழியா? செருப்பு, விளக்குமாறு, கட்டில் கயிறு, அகப்பைக் காம்பு என்று கண்டதையெல்லாம் கடித்து விழுங்கும். அப்புறம் நடுவாசலில் கக்கி வைக்கும். கக்கியதைத் தானே மறுபடியும் நக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள். பின்னால் பிள்ளைக்குப் பால் செரிக்காமல் மாந்தம் கண்டால் அந்தக் கொடியை உரசி, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது வழக்கம். அதனால் அந்தக் கயிற்றை யாரும் கழற்ற மாட்டார்கள். அன்னக்கொடி கழற்றினாள். பிள்ளை மலத்தில் புரண்டு கயிறு நாறியது, அவளுக்குப் பொறுக்கவில்லை. துவைகல்லில் வைத்துவிட்டுச் சாம்பல் எடுக்கத் திரும்பினாள். அந்த நாற்றம்தானே நாய்க்கு விருந்து! கயிறும் தாயத்தும் ஒரே முழுங்கில் போய்விட்டன.

"வெளிக்கி இருக்கும்போது தேடி எடுத்துக்கிரலாம் புள்ள," என்றான் கருத்தக்கண்ணன்.

"அது வயித்துக்குள்ள போனது இனி என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

மறுநாளே பிள்ளைக்கு மாந்தம். வயிறு உப்பி, கண் செருகி, பாலுக்கு வாயே திறக்கவில்லை. மருத்துவச்சி ரெங்கம்மாள் வசம்பைச் சுட்டு உரசிக் கொடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கொடி எங்கடி? அதை உரசி வச்சாத்தான் பிள்ளை தங்கும். வெரசாக் கொண்டா."

அன்னக்கொடி நாயைப் புளியமரத்தில் கட்டி, வாயைப் பிளந்து விளக்கெண்ணெயை ஊற்றினாள். அது கழியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பங்குச்சியால் கிளறினாள். தேங்காய் நார் வந்தது. செருப்புத் தோல் வந்தது. நெளிநெளியாக வந்தது கயிறா பூச்சியா என்று தெரியவில்லை. குச்சிக்கு எல்லாம் வழுக்கியது. சே, என்ன பிழைப்பு! குச்சியை வீசிவிட்டுக் கையையே விட்டாள். கருத்தக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாம்பல், புளி, வெந்நீர் எல்லாம் போட்டுத் தாயத்தைத் தேய்த்தாள். ஆனால் பல் பட்டு அதன் மூடி பிளந்திருந்தது. உள்ளே கொடி ஊறிப்போய், எத்தனை கழுவியும் அதே நாற்றம் நாறியது.

"இதையா பிள்ளை வாயில வைக்கப் போற? வேணாம் புள்ள."

"வேற வழி இருந்தாச் சொல்லுய்யா."

அவன் உரைகல்லை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

உரசி, பாலில் குழைத்து, முதலில் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். கெடுதல் என்றால் தனக்கு வரட்டும் என்றுதான். அடிவயிற்றிலிருந்து கிளம்பியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பிள்ளைக்குத் தடவினாள்.

பிள்ளை மெல்லச் சப்புக்கொட்டியது. அவள் விரலைச் சப்பிவிட்டு, இன்னும் கேட்டு வாயைத் திறந்தது.

"பொழச்சுக்கிருச்சுடி, பாலைக் குடு," என்றாள் ரெங்கம்மாள்.

மருந்தோ, அதன் ஆயுசோ, யார் கண்டது? பிள்ளை குடித்து முடிக்கும்வரை அன்னக்கொடி அசையவில்லை. அதை ரெங்கம்மாள் மடியில் கிடத்திவிட்டு வாசலுக்கு ஓடி, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள்.