அஞ்சு நிமிசம் தள்ளிக் காட்டு

ஆப் செய்து கொடுக்கிற தொழிலில், செய்த ஆப் ஓடாவிட்டால் ஒரு ஆளிடம்தான் திட்டு வாங்க வேண்டும். ஓடிவிட்டால் ஊர் முழுக்க வாங்க வேண்டும். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் ஒரு கண்டக்டர் என் காலரைப் பிடித்தபோது எனக்கு இது புரிந்தது. என்னைப் போலவே சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆப் கம்பெனி நடத்துகிறேன் என்று கிளம்பியிருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் காலரையும் யாராவது பிடித்திருப்பார்கள். இல்லையென்றால் பிடிப்பார்கள்.

காலர்

கண்டக்டர் பெயர் ஏழுமலை. விழுப்புரத்தில் கிளம்பி, மயிலத்துக்குள் போய், திண்டிவனம் வருகிற தனியார் பஸ்ஸில் இருக்கிறார். அந்த முதலாளிக்கு இந்த ரூட்டில் மூன்று வண்டி. மூன்றிலும் டிரைவர் தலைக்கு மேலே நாங்கள் ஒரு போனை மாட்டினோம். வண்டி இப்போது எங்கே வருகிறது என்று ஜனங்கள் தங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆப் அவ்வளவுதான். ஆனால் முதலாளி தனக்கு மட்டும் இன்னொன்று வேண்டும் என்றார். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்கிற கணக்கு. கேட்டார், கொடுத்தேன்.

முதல் வாரமே முதலாளி ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டு, கூட்டேரிப்பட்டில் வண்டி ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து நான் அதே ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். டீ குடிக்கத்தானே நிறுத்தினீர்கள், அதை அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நான் வாயை விட்டேன். அண்ணன் படியிலிருந்து இறங்கி வந்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே நீண்டன. காலரை விடாமல் ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "நான் ஒண்ணுக்குப் போறதையும் முதலாளி போன்ல பாத்துக்கினு இருக்கணுமா? சொல்லு தம்பி, பாக்கணுமா?"

முதல் பக்கம்

முதலாளி ராஜமாணிக்கத்தைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, ஜெனிஃபர். பிளஸ் டூ வரை என்னோடு படித்தவள். நான் புரோகிராம் எழுதுவேன். திரையில் எது எங்கே வர வேண்டும் என்பதை அவள் வரைவாள். கம்பெனி என்பது நாங்கள் இரண்டு பேர்தான். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி.

அவள் வரைந்ததைப் பார்த்த முதலாளி, முதல் பக்கத்தில் படங்கள் வேண்டும் என்றார். ஃபிளக்ஸ் பேனர் மாதிரி. நடுவில் மயிலம் முருகன், வலது பக்கம் அவருடைய அப்பா, இடது பக்கம் அவர், கீழே வட்ட வட்டமாக மகன்கள், மச்சான், மச்சானுடைய பார்ட்னர். இவர்களெல்லாம் வந்து போன பிறகு பஸ். மழையில் நிற்கிறவனுக்கு மச்சான் எதற்கு என்று பட்டென்று கேட்டுவிட்டேன். ஜெனிஃபர் என் காலை மிதித்தாள். அரை நாள் பேசி மச்சானையும் பார்ட்னரையும் கழற்றினாள். மகன்களையும் முதலாளி படத்தையும் கழற்றினாள். முருகனை ஓரத்தில் ஒரு சின்ன வேலாக மாற்றினாள். ஆப் எங்கள் கம்பெனி பெயரில்தான் இருக்கும், நாளைக்கு வேறு ஆட்களுடைய வண்டியும் இதில் வரலாம் என்பதையும் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார். காதில் வாங்கினாரா என்பது வேறு விஷயம்.

கடைசியில் அவர் அப்பா படம் மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்துவிடலாமே என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "பஸ்ஸு அரை மணிக்கு ஒண்ணு வரும் தம்பி. எங்கப்பா வருவாரா?" என்றார்.

ஒரே வார்த்தை

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம் செல்போன் கடை வைத்திருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மாடியேறி வந்தார்கள். இது ரிப்பேர் கடை இல்லை என்றால், அப்புறம் என்ன கடை என்று படியிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பெரியவர் நான் பதில் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, சார்ஜராவது இருக்கிறதா என்றார்.

கையில் இருந்தது இந்த பஸ் ஆப் ஒன்றுதான். ஒரு கல்யாண மண்டபம் ஐப்பசிக்கு மேல் பார்க்கலாம் என்றது. ஒரு பேக்கரி, மருமகன் சும்மாவே செய்து தருகிறான் என்றது. அப்பா ஒரு கெடு வைத்தார். மயிலத்தில் இருக்கிற காலேஜில் சேரக் கடைசி நாள் வரைக்கும் டைம். அன்றைக்கு இந்த ஆப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் நான் என் வழியில் போகலாம். ஓடாவிட்டால் பேசாமல் போய்ச் சேர வேண்டும். ஒத்துக்கொண்டேன். போர்டில் ஒருத்தர் எழுதுவதைப் பார்த்து இன்னும் மூன்று வருடம் எழுத என்னால் ஆகாது. ஆப்பைப் பற்றி அவருக்குப் புரிய வைக்கவும் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னது: "எவனாவது கேட்டா ஒரே வார்த்தையில சொல்ற மாதிரி ஒரு வேலை செய்யிடா."

சந்தைக்குப் போன பஸ்

காலரைப் பிடித்த அன்று சாயந்திரமே நின்ற நேரக் கணக்கை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆள் மேல் உள்ள கோபத்தில் அதை ஏழுமலை அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் சும்மா இருப்பாரா? விழுப்புரம் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற அனந்தபுரம் பஸ்ஸில் ஒருத்தர் மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை, ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் போனைக் கழற்றி மூட்டை வாயில் சொருகிவிட்டார். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஆப்பில் உதவிக்கு என்று கொடுத்திருப்பது என் நம்பர். காலையில் முதல் போன் செல்வியக்காவிடமிருந்து. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை. கடை திறக்கும்போது உள்ளே இல்லையென்றால் அரை நாள் சம்பளம் போச்சு. வீட்டிலிருந்து ரோட்டுக்கு நல்ல நடை என்பதால், வண்டி எங்கே வருகிறது என்று ஆப்பில் பார்த்துத்தான் கிளம்புவார். வண்டி வழக்கமான பாதையை விட்டு செஞ்சிப் பக்கம் போவதையும், பிறகு ஓரிடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பதையும் அவர்தான் முதலில் பார்த்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏம்பா, பஸ்ஸு அனந்தபுரம் சந்தையில நின்னுக்கினு இன்னா வாங்குது?" என்று கேட்டார்.

அடக்கமா

மூட்டைக்காரரைத் தேடிப் போய் போனை வாங்கிக்கொண்டு, நேராக ஏழுமலை அண்ணனிடம் போனேன். முதலாளிக்கு இனி நின்ற நேரம் தெரியாது, பயணிக்குத் தெரிவதுதான் அவருக்கும் தெரியும் என்று அவர் போனிலேயே காட்டினேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தால் எனக்கு இந்த பேஜாரு இல்லையே என்றார். எனக்கும்தான் இருந்திருக்காது. ஒருவழியாக ஆப் நன்றாக ஓடியது. ஸ்டாப்பில் வெயிலில் காய்கிற ஆட்கள் குறைந்தார்கள். வண்டி வருவதைப் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பினார்கள்.

பிறகுதான் முதலாளி கூப்பிட்டார். அதே ரூட்டில் விக்கிரவாண்டிக்காரர்களுடைய நீலக் கலர் வண்டி இரண்டு ஓடுகிறது. அந்த வண்டியின் கண்டக்டரும் எங்கள் ஆப்பை இறக்கி வைத்திருக்கிறான். ராஜமாணிக்கம் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்து, சரியாக அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் காலி பண்ணிக்கொண்டே போகிறான். பஸ்ஸை ஜனங்களுக்குக் காட்டினால் எதிரிக்கும் தெரியும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அவர் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் வண்டி இருக்கிற இடத்தை ஐந்து நிமிடம் பின்னால் காட்ட வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது என்று நீல வண்டி ஆற அமர நிற்கும், எங்கள் வண்டி முந்திவிடும். அப்போது ஆப்பை நம்பி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வருவதற்குள் வண்டி போயிருக்குமே, செல்வியக்கா மாதிரி ஆட்கள் என்ன செய்வார்கள் என்றேன். அடுத்த வண்டியில் வரட்டும் என்றார். முடியாது என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் பொய் சொல்லச் சொல்லல தம்பி. அஞ்சே நிமிசம் அடக்கமா காட்டுன்னுதான் சொல்றேன்."

மேல போடு

ஜெனிஃபரும் நானும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். இருக்கிற ஒரே கஸ்டமரைப் பகைக்காதே என்றாள். வாடிக்கையாக முட்டாள்தனமாகப் பேசுகிறவன் நான்தான், அவள் இல்லை. ஆனாலும் இதில் நான் விடவில்லை. நீல வண்டி மட்டும் நம்மைப் பார்ப்பதுதானே பிரச்சினை, நாமும் அதைப் பார்த்தால் சரியாகிவிடும் என்றேன். ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்து, அந்த வண்டிகளையும் ஆப்பில் போடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னேன். வைத்துவிட்டார்.

நீல வண்டிகளுக்கு முதலாளி சகுந்தலா அம்மா. விக்கிரவாண்டியில் வீட்டு வாசலில் டயர் மாற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவன் வண்டி எனக்குத் தெரிகிறது, என் வண்டி அவனுக்குத் தெரியாது, நான் எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மத்தியானத்தில் உங்கள் வண்டி காலியாகத்தானே போகிறது என்றேன். அந்த நேரத்தில் ஸ்டாப்பில் யாரும் நிற்பதில்லை, போனில் வண்டி தெரிந்தால்தான் வீட்டை விட்டு வருகிறார்கள், உங்கள் வண்டி போனிலேயே இல்லை என்றேன். ஜெனிஃபர் ஆப்பைத் திறந்து நீட்டினாள். முதல் பக்கத்தில் ராஜமாணிக்கத்தின் அப்பா. அம்மா அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரு படம் அப்படியே இருக்கட்டும். எங்க வூட்டுக்காரருக்கு ஸ்டேரிங் புடிக்கக் கத்துக் குடுத்தவரு. ஆனா புள்ள வண்டிக்கு மேல என் வண்டியப் போடு."

கடைசி நாள்

போட்டேன். மறுநாளே ராஜமாணிக்கத்தின் மூன்று வண்டிகளும் ஆப்பிலிருந்து காணாமல் போயின. போனைக் கழற்றச் சொல்லிவிட்டார். வாரம் முழுக்க எங்கள் ஆப்பில் நீல வண்டி இரண்டுதான் ஊர்ந்தன. காலேஜில் சேரக் கடைசி நாளும் வந்தது. அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. சர்டிபிகேட்டுகளைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்து, திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிட்டார். ஆப் ஒழுங்காக ஓடவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்குக் கொடுத்தவன், ஏறினேன். ஏழுமலை அண்ணன் வண்டி.

அண்ணன் டிக்கெட் கொடுக்கவில்லை, புகார்தான் கொடுத்தார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் வண்டி ஏன் போனில் வரவில்லை என்று கேட்கிறார்களாம். செல்வியக்கா இரண்டு நாள் வண்டியைத் தவறவிட்டு அரை நாள் சம்பளம் இழந்திருக்கிறார். மூன்றாம் நாள் ஏறியவர் திண்டிவனம் வரைக்கும் நிறுத்தாமல் பேசினாராம், வண்டியே கேட்டதாம். சொல்லிவிட்டு அண்ணன் பையில் கைவிட்டு அந்தப் போனை எடுத்தார். முழு சார்ஜில் இருந்தது. முதலாளி கழற்றச் சொன்னார், கழற்றினேன், மாட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை என்றார்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, ஓடுகிற வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் கையை நீட்டி மாட்டினேன். மாட்டிவிட்டு ராஜமாணிக்கத்துக்கு நானே போன் போட்டேன். வண்டி மறுபடி தெரிகிறது, இருக்கிற இடத்தில்தான் தெரியும், வேண்டுமானால் நீங்களே வந்து கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். வண்டியில் கூட்டம் எப்படி என்று கேட்டார். நிற்க இடமில்லை என்றேன். அப்படியானால் அந்த அஞ்சு நிமிசத்தையாவது பார் என்றார். அதுவும் முடியாது என்றேன். கழற்று என்று அவர் சொல்லவில்லை. மற்ற இரண்டு வண்டிகளும் கொஞ்ச நேரத்தில் ஆப்பில் வந்தன.

வண்டி மயிலத்துக்குள் நின்றது. கவர் மடியில் இருந்தது. கடைசி நாள் இன்னும் முடியவில்லை, ஆப் ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். ஏழுமலை அண்ணன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காலேஜி ஸ்டாப்பு இதான். எறங்குறதுன்னா ஜல்தி எறங்கு, பின்னாடி நீல வண்டி வந்துக்கினு இருக்குது."

அப்பா சேரச் சொன்னார், சேரவில்லை; முதலாளி தள்ளிக் காட்டச் சொன்னார், காட்டவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத பையன் என்று பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி எழுதியனுப்பினார்கள், அந்தத் தகுதி ஒன்றை வைத்துத்தான் இன்றைக்கும் கம்பெனி நடக்கிறது.