அக்காவும் குத்தாத மெசினும்

அக்கா தையற்காரி. தேவாலயத்தில் பிள்ளைகள் எடுக்கும் முதல் நன்மைக்கும் கலியாணத்துக்கும் வெள்ளைச் சட்டை தைப்பிக்க வெருகல் பக்கமிருந்துகூட ஆட்கள் வருவார்கள். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தபிறகு, விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதுதான் அவவுக்குப் பெரிய வில்லங்கம். வலியென்று இல்லை. ஒருநாள் குத்தின விரலோடு சாட்டின் துணியைத் தொட்டுவிட்டா. கறை போகவில்லை. முன்பக்கம் முழுவதையும் புதிதாக வெட்டவேண்டி வந்தது. அதோடு சீனி பார்ப்பதையே விட்டுவிட்டா. நான் எத்தனை தரம் சண்டை பிடித்தும் கேட்கவில்லை.

நான் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் உதவியாளர். அங்கே ஒரு விரிவுரையாளர், குத்தாமல் சீனி பார்க்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள்ளால் விட்டு, மற்றப் பக்கம் எவ்வளவு வந்து சேருகிறது என்பதை வைத்துச் சீனியைக் கணிப்பார். அதைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"குத்த மாட்டினமெண்டா வாறன்."

வந்தபிறகுதான் விளங்கியது. கருவி சொல்வது சரியோ என்று பார்க்க, ஒவ்வொரு தரமும் இரத்தமும் எடுக்கவேண்டும்.

"குத்தாத மெசினுக்கு இவ்வளவு குத்தோ?" சிரித்துக்கொண்டே விரலை நீட்டினா. "சரி, குத்துங்கோ. இண்டைக்குத் தையல் இல்லை."

ஊசி பிடித்துத் தடித்திருந்த விரலில் ஒளி சரியாகப் போகவில்லை. தோட்டைக் கழற்றிக் காதுச் சோணையில் கிளிப்பை மாட்டினோம்.

"ஒண்டும் தெரியேல்லயே?"

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி போன் கமராவில் தெரியும்; பிடித்துக் காட்டினேன். அவவின் காதோரம் திரையில் ஊதா நிறமாக மினுங்கியது. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு சனிக்கிழமைகளில் தவறாமல் வந்தா. சில நாள் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒத்துவரும். வியர்த்திருந்தாலோ, ஏசிக் குளிரில் காது குளிர்ந்தாலோ கருவியின் அளவு பிழையாகிவிடும்.

"எப்ப தம்பி சரிவரும்?" என்று விரிவுரையாளரைக் கேட்பா.

"அவசரப்பட ஏலாது அக்கா. இது பிழையாச் சொன்னா, நீங்கள் போடுற மருந்தும் பிழைச்சிடும்."

குத்தி எடுத்த இரத்தத்தில் சீனி எப்போதும் கூடுதலாகவே காட்டியது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்க்காமல் விட்ட காலத்தில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன.

கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நர்ஸ் குத்திவிட்டுப் போனதும் என்னைப் பார்த்தா.

"எங்கட மெசின் முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"ஓம், அதுக்கு நேரம் எடுக்கும்தானே" என்றா, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. அடுத்த கிழமை போய்விட்டா.

அடக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்று, "அக்காவின்ர அளவுகளைக் கணக்கிலயிருந்து எடுத்துவிடவோ?" என்று விரிவுரையாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் சேர், இருக்கட்டும்."

கருவி இன்னும் நம்பக்கூடியதாக வரவில்லை. சனிக்கிழமைகளில் வேறு ஆட்கள் வருகிறார்கள். கிளிப்பைத் துடைத்து மாட்டிவிட்டு, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.