இரண்டு தடவை அறுத்த ஃபோர்க்

என் உயரம் மூன்றடி எட்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். இல்லையென்றால் எதிரில் இருப்பவர் கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார், நான் பேசுவது அவர் காதில் ஏறாது. வயது முப்பத்தெட்டு. செஞ்சியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். கிரயப் பத்திரம், பாகப் பத்திரம் எதுவானாலும் என் கை படாமல் போகாது.

வீடு திருவண்ணாமலை ரோட்டில், கோட்டையைத் தாண்டி இருக்கிறது. பல வருஷமாக ஷேர் ஆட்டோதான். அதில் ஏற எனக்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் பொறுக்காமல் டிரைவர் என் அக்குளில் கை கொடுத்து, தூக்கி உள்ளே வைத்துவிடுவார். நல்ல மனுஷர். கெட்ட எண்ணம் கிடையாது, அதனால் திட்டவும் வாய் வராது. "வேணாம்ணே, நானே ஏறிக்கிறேன்" என்றால், "இருக்கட்டும்மா, இன்னா இப்போ" என்பார். ஆபீசுக்குள் நுழைந்தால் முதலாளி பத்திரத்திலிருந்து தலை தூக்காமல் கேட்பார், "வந்துட்டியாமா? யாரு கொண்டாந்து உட்டாங்க?" தினமும் இதே கேள்விதான். நான் என்ன பார்சலா?

யாரும் தூக்காமல், யாரும் கொண்டுவந்து விடாமல் ஒரு நாளாவது நானே வேலைக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் சைக்கிள் வாங்கினேன். என் காலுக்கு எட்டியது பிள்ளைகள் சைக்கிள்தான். ஒட்டியிருந்த பொம்மைப் படங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று நாள் வீட்டுத் தெருவிலேயே ஓட்டிப் பழகினேன். நான்காம் நாள் முதல்முறையாக ஆபீசுக்குக் கிளம்பி, கோட்டைக்குப் பக்கத்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்து, சக்கரம் சட்டத்தில் முட்டியது. மறுநாளிலிருந்து பழையபடி ஆட்டோ.

கடைத்தெரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"இது பசங்க ஓட்ட செஞ்சது தங்கச்சி. உன் வெயிட்ட தாங்காது."

"அப்போ தாங்குற ஃபோர்க்கா போடுங்கண்ணா."

ஒரு வாரம் தேடி, பழைய லேடீஸ் சைக்கிளின் ஃபோர்க்கையும் அதன் முன்சக்கரத்தையும் கொண்டுவந்தார். கெட்டி இரும்பு. ஆனால் என் சைக்கிளின் சட்டம் குட்டை. ஃபோர்க்கின் தண்டைச் சட்டத்துக்குள் செருகிப் பார்த்தால் மேலே மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வா, யோசிச்சி செய்றேன்" என்றார்.

நாளை என்றால் இன்னொரு நாள் ஆட்டோ. எனக்குப் பொறுமை என்பது என் உயரத்தைவிடக் குறைவு. ஸ்கேலை வாங்கி, மேலிருந்து மூன்று அங்குலம் அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன்.

"இரும்மா, மேல பாத்தியானா..."

"அளந்தாச்சுண்ணா. அறுங்க."

என் முகத்தைப் பார்த்தார். ரம்பத்தை எடுத்து அறுத்தார்.

என் தொழில் புத்தி அப்படி. பத்து செண்டு நிலத்தில் மூன்று செண்டை விற்றால், வடக்கில் விற்றாலும் தெற்கில் விற்றாலும் மிச்சம் ஏழு செண்டுதான். இரும்புத் தண்டையும் அப்படியே நினைத்துவிட்டேன். கீழே விழுந்த துண்டை அவர் எடுத்து என் கையில் வைத்தார். நட்டை முடுக்குவதற்கான மரை முழுவதும் அதில்தான் இருந்தது. ஃபோர்க்கில் மிஞ்சியது மொழுமொழு தண்டு. அதில் எந்த நட்டும் நிற்காது.

"இதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான் கோபம். வேறு ஃபோர்க் கிடைக்க இன்னும் எத்தனை வாரமோ. அத்தனை நாளும் அக்குளில் கை.

துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்திரத்தில் வடக்குப் பக்கத்துக்குப் பதில் தெற்கு என்று தப்பாக எழுதிவிட்டால் நாங்கள் பத்திரத்தைக் கிழித்துப் போடமாட்டோம். பிழைதிருத்தல் பத்திரம் போட்டு, எந்தப் பக்கம் என்பதைச் சரிசெய்வோம். அளவு அதேதான் இருக்கும்.

"அண்ணா, இந்தத் துண்டு நமக்குத் திரும்ப வேணும். இதுக்குப் பதிலா மிச்சத் தண்டுல மேலருந்து இன்னொரு மூணு இஞ்ச் எடுத்துட்டு, மரை இருக்கிற இத அங்க ஒட்டிட்டா?"

"இன்னொரு வாட்டி அறுக்கறதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு துண்டையும் தண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ஆவும் போலக்கிதே. வெறும் ஒட்டு தாங்காது. உள்ள ஒரு பைப்ப சொருகி பித்தள ஊத்தணும். தண்டுக்குள்ள எறங்குற ஹேண்டில் ராடு அதுல இடிக்கும், அதயும் கொஞ்சம் கொறைக்கணும்."

இந்தத் தடவை அளந்தது அவர். நான் ஸ்கேலை நீட்டியதோடு சரி. அறுத்தார். உள்ளே பைப்பைத் தட்டி இறக்கினார். கேஸைப் பற்றவைத்து, இரும்பு சிவந்ததும் பித்தளைக் கம்பியைக் காட்டினார். அது உருகி, இணைப்பைச் சுற்றி மஞ்சள் மோதிரமாக ஓடி நின்றது. ஆறிய பிறகு அரம் போட்டு ராவி, ஃபோர்க்கை வைஸ் இடுக்கியில் பிடித்து, அதன் மேல் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். என்னைப் போல இரண்டு ஆள் எடை இருப்பார். அது அசையவில்லை.

சட்டத்தில் செருகியபோது தண்டு கச்சிதமாக நின்றது. நட்டை நான்தான் முடுக்கினேன். கடைசிச் சுற்றுவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடையில் நின்றபடி வாய்விட்டுக் கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

முன்னால் பெரிய சக்கரம், பின்னால் சின்னது. கிடா தலையைத் தூக்கி நிற்கிற மாதிரி இருந்தது என் சைக்கிள். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். கோட்டையின் இரண்டு மலைக்கும் நடுவில் ரோடு வெறிச்சென்று கிடந்தது. அந்த வேகத்தடை வந்தது. பயந்தேன், ஆனால் பிரேக்கைத் தொடவில்லை. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது, பின்சக்கரமும் தொடர்ந்தது. ஃபோர்க் நேராக நின்றது. பக்கத்தில் ஆட்டோ வந்து மெதுவானது. "ஏறிக்கிறியாமா?" என்று பழக்கத்தில் கேட்டார் டிரைவர்.

"வேணாம்ணே."

இந்த முறை அவர் "இருக்கட்டும்மா" என்று சொல்லவில்லை. சைக்கிளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

ஆபீஸ் வாசலில் ஸ்டாண்டு போட்டு உள்ளே போனேன். வியர்த்துக் கொட்டியது.

"வந்துட்டியாமா? யாரு கொண்டாந்து உட்டாங்க?"

"யாரும் உடல சார். நானே வந்தேன்."

அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்து, சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும், "வந்துட்டியாமா?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"வந்துட்டேன் சார்" என்றேன்.