கையெழுத்துக்கு முன் மூன்று மணி நேரம்

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கையெழுத்து என்று நேரம் குறித்தது நான்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள் நான். காலண்டர் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் ராகுகாலத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சீக்கிரம் முடித்துவிட்டு விருந்தாளியை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போய், கோயில் மொட்டைமாடியில் நிறுத்தி, அத்தனை கோபுரங்களையும் காட்டி அசத்திவிட வேண்டும் என்பதே என் திட்டம்.

விருந்தாளி பிரான்சிலிருந்து வந்த ஓர் அம்மையார். மழையும் கறவை மாடுகளும் நிறைந்த ஒரு பிராந்தியத்தின் அதிகாரி. அந்தப் பிராந்தியத்துக்கும், திருச்சியில் எங்கள் கல்லூரிக்கும், தொட்டியம் வாழை விவசாயிகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. அவர்கள் விவசாயப் பள்ளிப் பிள்ளைகள் தொட்டியத்து வீடுகளில் மூன்று மாதம் தங்குவார்கள். எங்கள் மாணவர்கள் அங்கே போவார்கள். கெடு முடிந்ததால் புதுப்பிக்க வந்திருந்தார். கல்லூரி சார்பில் இதையெல்லாம் கவனிப்பது நான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் புதிய ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்தார். வீடுகளில் தங்குவது பற்றிய பத்தியையே காணோம். அந்த இடத்தில் ஆன்லைன் வகுப்புகள் என்று இருந்தது.

"மூன்று மாதம் வாழைத்தோட்டத்தில் இருந்துவிட்டு எங்கள் பிள்ளைகள் என்னத்தைக் கற்று வருகிறார்கள் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். சொல்ல என்னிடம் பதில் இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குச் சுருக்கென்றது. தொட்டியத்துக்குப் போன் பண்ணிச் சொல்லத் தைரியம் இல்லை.

மறுநாள் விவசாயிகள் சங்கத் தலைவர் வெள்ளை வேட்டியில், மனைவியோடும் இரண்டு தார் பூவன்பழத்தோடும் வந்து இறங்கினார். பேனாவை நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், இப்ப ராகுகாலம்ங்க. பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை அந்த அம்மையாரிடம் எப்படிச் சொல்வது? "இது நல்ல நேரம் இல்லையாம், பன்னிரண்டு வரை பொறுக்கணும்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

தலைவரின் மனைவிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதுவரை ஐந்து பெண்கள் அவர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பல்வலியோடு ஊருக்குப் போனவள் பல்லைப் பிடுங்கிவிட்டாளா, அப்பா தவறிப்போனவள் மனசு தேறிவிட்டாளா என்று ஒவ்வொருத்தியாக விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். அம்மையார் விழித்தார். அவரிடம் இருந்தது வெறும் பெயர்ப் பட்டியல்.

"தெரியாட்டி பரவால்லைங்க, அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடலாம்" என்று, நான் தடுப்பதற்குள், மனைவி வீடியோ கால் போட்டுவிட்டார். அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை.

திரையில் ஒரு மாட்டுக்கொட்டகை தெரிந்தது. நடுவே, கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக, அப்பாவை இழந்த அந்தப் பெண்.

"அம்மா! என்னங்கம்மா இந்நேரத்துல? சாப்டீங்களா? முட்டிவலி தேவலையா?"

சுத்தமான தொட்டியம் தமிழ். பின்னாலிருந்து ஒரு மாடு அவள் தோளை இடித்தது. திரும்பிப் பார்க்காமலே அதட்டினாள்.

"ஏய், சும்மா இரு! அம்மாகிட்ட பேசறேன்ல?"

மாடு சும்மா இருந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கலாச்சாரப் பரிமாற்றம் என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன். கடல் தாண்டி ஒரு கொட்டகையில், இருட்டில், ஒரு மாடு தமிழுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அம்மையார் போனை வாங்கி அவர்கள் மொழியில் வெகுநேரம் பேசினார். வைத்தபோது கண் கலங்கியிருந்தது. அப்பா இறந்ததும் பண்ணையை விற்றுவிடலாம் என்றுதான் அந்தப் பெண் நினைத்தாளாம். தொட்டியத்தில் ஒரே காற்றில் தோட்டம் முழுக்கச் சாய்ந்த அன்று இந்த அம்மா உட்கார்ந்து அழுததையும், மறுநாள் காலையிலேயே வாழைக்கன்று நடப் போனதையும் அவள் கூட இருந்து பார்த்தவள். அதை நினைத்துத்தான் விற்கவில்லை என்றாளாம்.

நான் தமிழில் சொன்னதும் தலைவரின் மனைவி கூச்சப்பட்டார். "வேற என்னங்க செய்யறது?"

பன்னிரண்டு அடித்தது. தலைவர் பேனாவைத் திறந்தார். இப்போது அம்மையார் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஆபீஸ் திறக்க இங்கே மணி ஒன்றரை ஆகும். அதுவரை எனக்கும் இது நல்ல நேரம் இல்லை."

தலைவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். "அவங்க வழக்கத்தையும் பாக்கணும்லங்க."

ஒன்றரைக்கு அம்மையார் வராந்தாவில் நின்று போன் பேசினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ராகுகாலத்துக்கு முகம் சுளித்த நான் கைப்பைக்குள் ஜெபமாலையைத் துழாவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் ஆன்லைன் வகுப்பு வரியை அடித்துவிட்டு, பழைய பத்தியைத் தன் கையாலேயே எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஸ்ரீரங்கம் போக நேரமில்லை. ராஜகோபுரத்தைச் சென்னை போகும் வழியில் கார் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்பார்.

ஒரு பத்தி காணாமல் போய்த் திரும்பி வந்தது தலைவரின் மனைவிக்குக் கடைசிவரை தெரியாது. வாழைத்தாரை மேஜையடியிலிருந்து இழுத்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த பொண்ணு எந்த மாசம் வருதுங்க டீச்சர்? கட்டில் ஒரு கால் ஆடுது, சரி பண்ணி வைக்கணும்."

காலையில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. "ஆடியிலங்க" என்றேன்.