மதினியின் டம்ளரில் வைத்த பொட்டு

எங்கள் அடுக்களையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதன் அடியில் நகப்பாலிஷில் வைத்த சிவப்புப் பொட்டு. அண்ணன் மனைவி, என் மதினி, பிள்ளையாண்டிருந்தபோது அம்மா தன் கையால் வைத்த பொட்டு அது.

தேனியில் ரத்தம் பரிசோதித்ததில் மதினிக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. கல்லீரலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் தங்கிவிடுகிற கிருமி. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தத்தால் பரவும், தாம்பத்தியத்தால் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். தட்டு, டம்ளரால் பரவாது. பிள்ளை பிறந்த உடனே இரண்டு ஊசி போட்டுவிட்டால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவர் வாயில் நின்றது ஒரே வார்த்தை: ஒட்டுவாரொட்டி, தொட்டாலே ஒட்டிக்கொள்கிற சீக்கு. மதினிக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோகக்கூட விடவில்லை. "தேவாரத்துலருந்து கொண்டுவந்த சீரு இதான்" என்று, சீக்கின் பேரை மட்டும் மறைத்து, மதினியின் பிறந்த ஊரை இழுத்து அக்கம்பக்கத்தில் வேறு சொன்னார். அண்ணன் வாயில் கொழுக்கட்டை.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. "வேற ஆசுபத்திரியில போயி பெத்துக்கட்டும். இந்த ரிப்போர்ட்ட அங்கன காட்ட வேணாம்" என்றார். காட்டாவிட்டால் ஊசி எப்படிப் போடுவார்கள்? குடும்ப மானத்துக்கு ஒரு பச்சைப் பிள்ளையின் ஈரலைக் காவு கேட்ட வாய் அது. பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதக் கூசத்தான் செய்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் கூசும்.

மதினி குரலை உயர்த்தவில்லை. "என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க அத்தை. ஊசி போடுற எடத்துலதான் பெத்துக்கிருவேன்" என்றார். அப்படியே செய்தார்.

பிரசவத்துக்கு முன்பே, வீட்டில் எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். "எங்க வம்சத்துல இந்தச் சீக்கெல்லாம் கெடையாது" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா கையை நீட்டினார். எனக்கு இல்லை. அண்ணனுக்கு இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவிடமிருந்து அண்ணனுக்குப் பிறக்கும்போதே வந்திருக்கலாம், அண்ணனிடமிருந்து மதினிக்கு வந்திருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

கிருமி மேல் எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்கும் அது தெரியாமல் வந்ததுதானே. திரும்பி வரும்போது பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அம்மா என் காதருகே குனிந்து, "வெளிய மூச்சு விட்டுறாத" என்றார். வீட்டுக்கு வந்து தன் பழைய டம்ளரிலேயே காபி குடித்தார். அதில் பொட்டு இல்லை. அண்ணன் டம்ளரிலும் இல்லை. மதினியின் தட்டு மட்டும் அதே மூலையில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "இந்த வீட்டுக்காரி எனக்குப் போயி தனி டம்ளராடா?" என்றார். சீ என்றாகிவிட்டது எனக்கு.

பையனுக்கு ஒரு வயது தாண்டியதும் ரத்தம் பார்த்தோம். கிருமி இல்லை. அன்றைக்கு அந்தப் பொட்டைச் சுரண்டிவிட நான் பிளேடு எடுத்தேன். மதினி டம்ளரை வாங்கிக்கொண்டார். "வேணாம் கொழுந்தனாரே, இருக்கட்டும். யாரு வச்சாகன்னு மறந்துறக் கூடாதுல்ல" என்றார்.

இப்போது அடுக்களை மதினி கையில். பொட்டு அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் அந்த டம்ளரில்தான் அம்மாவுக்குக் காபி போகிறது. அம்மா வாங்கிக் குடிக்கிறார்.